சென்னீர்குப்பத்துக் கேப்டன்

மோட்டாரும் சக்கரச் சுக்கானும் உள்ள பாய்மரப் படகைக் கரையணைக்கப் பழகும், நடுவயது கடந்த ஆண், சென்னையின் மேற்குப் புறநகரில் அண்மைக் காலமாகத் தென்படும் மனித வகைகளுள் ஒன்று. ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு என்று எங்கும் பரவியிருந்தாலும், முழு வளர்ச்சி அடைந்த மாதிரியைச் சென்னீர்குப்பத்தில் காணலாம். கடல் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால். நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடிய நீர்ப்பரப்பு என்றால், ஆவடி போகும் வழியில் உள்ள பருத்திப்பட்டு ஏரிதான். ஆயினும் இவரை அக்கம்பக்கத்தார் 'கேப்டன் சார்' என்றே அழைக்கிறார்கள். அப்படி அழைக்கச் சொல்லி வைத்திருப்பவர் அவரேதான். தெருமுனையில் உள்ள பழைய விஜயகாந்த் ரசிகர்கள் மட்டும் இந்தப் பட்டத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடையாளம் காண்பது எளிது. பர்மா பஜாரில் வாங்கிய, நங்கூரம் பொறித்த வெள்ளைத் தொப்பி. காரின் பின்சீட்டில் ஒரு பாகம் நீளத்துக்கு நைலான் கயிறு. கரையான்சாவடி நெரிசலில் நிற்கும்போதெல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதற்கு. கிலோமீட்டரை இவர் கைவிட்டு வெகுநாளாகிறது. "பைபாஸ்ல இன்னிக்கு பன்னெண்டு நாட்டுக்கு மேல போக முடியல" என்பார். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் அவர் சொன்ன வேகம் சரியாகவே இருக்கும்.

இவர் கைபட்ட முடிச்சுகள் வீடெங்கும் உண்டு. மொட்டைமாடியில் விரித்த தார்ப்பாயின் நான்கு மூலையும் 'போலைன்' முடிச்சில் நிற்கின்றன. நழுவாது, இறுகாது, தேவையானபோது சுலபமாக அவிழும் என்று மாலுமிகள் மெச்சும் முடிச்சு அது. ஒரே நிபந்தனை, கயிற்றில் இழுவை இருக்கும்போது அவிழ்க்க முடியாது. மழைக்காற்றில் தார்ப்பாய் கிழியப் பார்க்கிறது என்று அவசரமாக மாடியேறிய மனைவி கேட்பார்: "என்னங்க, இது வரவே மாட்டேங்குதே?" கீழிருந்து பதில் வரும்: "காத்து நின்னா தானா அவுரும்!" "காத்து நின்னா நான் எதுக்குங்க அவுக்கப் போறேன்?"

தொழிலை வைத்து இந்த வகையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாமவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். படகு எங்கே இடித்தாலும் புரொப்பல்லரின் பிட்ச் சரியில்லை என்பது இவர் தீர்ப்பு. கழற்றிக் கொடுத்தால் தானே கடைந்து தருவதாகவும் சொல்வார். இரண்டாமவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். 1961-இல் நிறுவப்பட்டு, 1965-இல் முதல் 'விஜயந்தா' டாங்கியை வெளியே அனுப்பிய அந்த வளாகத்தில் வேலை பார்த்தவருக்கு, இடித்தால் எதிரில் இருப்பதுதான் நசுங்கும் என்ற நம்பிக்கை எலும்புவரை ஊறியிருக்கும். மூன்றாமவர் கணினிக்காரர். படகைக் கரையணைப்பதற்கான திட்டம் இவரிடம் எக்செல் கோப்பாக இருக்கிறது. காற்றுக்கு மட்டும் அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

படகு இடித்துவிட்டால் மூவருக்கும் பொதுவான சாக்கு ஒன்று உண்டு: "நம்ம ஊருக்குப் படகுப் பழக்கமே கிடையாது சார்." இது பாதி உண்மை. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மெட்ராசில் இடம் கிடைத்த பின்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இங்கே கப்பல் கரையணையத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் அலை தாண்டிக் கொண்டுவரும். அப்படகுகளில் ஆணியே இராது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதினாலும் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். செயற்கைத் துறைமுக வேலை 1876-இல் தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயல் கட்டியதைச் சிதைத்தது. பின்னர் துறைமுகத்தின் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறக்கச் செய்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவரான அவரே 1911-இல் மெட்ராஸ் யாட்ச் கிளப்பையும் தோற்றுவித்தார். மறு ஆண்டு அவருடைய அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு கணக்கு எழுத்தர் சேர்ந்தார். பெயர் சீனிவாச ராமானுஜன்.

இந்த வரலாற்றில் ராமானுஜனையும் கிளப்பையும் நம் கேப்டன் மறக்காமல் சொல்வார். மசூலாக்காரர்களை மட்டும் விட்டுவிடுவார். ஜெட்டியும் மோட்டாரும் இல்லாமல், ஆளுயர அலை முதுகில் ஏறி, எந்த அலையோடு கரையேறுவது என்று பார்த்துப் படகை மணலில் இறக்கியவர்களைச் சேர்த்துச் சொன்னால் சாக்கு நிற்காது.

நிகழ்காலப் பெருமைகளிலும் இதே தேர்வுதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டிய சென்னைப் பெண் நேத்ரா குமணனும் வேலூர்க்காரரான விஷ்ணு சரவணனும் தமக்குத் தூரத்து உறவினர் என்பதுபோலப் பேசுவார். அவர்கள் ஓட்டுவது ஒற்றை ஆள் சிறு படகு. அதில் மோட்டார் கிடையாது; சக்கரமும் கிடையாது, சுக்கானோடு சேர்ந்த ஒரு பிடிதான். நம் கேப்டன் உயிரினும் மேலாக மதிக்கும் இரண்டு பொருளும் இல்லாமலேயே உலகப் போட்டிக்குப் போய்விட்டார்கள் என்பதை அவரிடம் சொல்வாரில்லை.

பயிற்சி வீட்டிலேயே தொடங்கிவிடும். இரவு பதினொரு மணிக்குக் காணொளி, காலையில் மாடியில் கயிறு, ஞாயிற்றுக்கிழமை மாலை பருத்திப்பட்டு ஏரியில் மிதிபடகு. உடன் வந்த பேரப்பிள்ளைகள் மிதிக்க, இவர் கட்டளை இடுவார். சக்கரம் வைத்த பெரிய பாய்ப்படகு சென்னையில் அரிது என்பதால், அடுத்த கட்டத்துக்குத் தெரிந்தவரின் தெரிந்தவரைப் பிடிப்பார். அல்லது கொச்சிக்கு ரயிலேறி, போல்காட்டித் தீவுப் படகுத்துறையில் போய் நிற்பார். படகைக் கண்டதும் முகம் மலரும். காரணம், ஸ்டியரிங் இருக்கிறது. முப்பது வருடமாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவருக்கு இனி என்ன புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது?

எல்லாமே. காரில் முன்சக்கரம் திரும்பும், பின்பக்கம் பின்தொடரும். படகில் சுக்கான் பின்னால் இருக்கிறது. சக்கரத்தை இடப்பக்கம் சுற்றினால், அமரம் எனப்படும் பின்முனை முதலில் வலப்பக்கம் ஒதுங்கும். அதனால்தான் அணியம் எனப்படும் முன்முனை இடப்பக்கம் பார்க்கும். படகு சுழல்வது நடுவில், கீல் எனப்படும் அடித்தகட்டை அண்டிய ஒரு புள்ளியில். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் கேப்டன் தலையாட்டுவார். ஆனால் ஜெட்டியை விட்டுக் கிளம்பும்போது கை பழைய பழக்கத்தில் சக்கரத்தை வெளிப்பக்கமாக ஒரே ஒடியாக ஒடிக்கும். முன்முனை கம்பீரமாக வெளியே பார்க்க, பின்முனை ஜெட்டியைப் போய் இடிக்கும். "யாரோ பின்னாடி இழுக்கறாங்க" என்பது அப்போது அவர் தரும் விளக்கம்.

இரண்டாவது பாடம் பிரேக். படகில் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் முன்கியரிலிருந்து நியூட்ரலுக்கு வந்து, ஒரு கணம் பொறுத்து, பின்கியரைப் போட்டு, அது தண்ணீரைப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 30 அடிப் பாய்ப்படகு ஒன்றுக்கு 4, 5 டன் எடை இருக்கும். மெதுவாக நடக்கும் வேகத்தில் வந்தாலும் அந்த எடை நினைத்த இடத்தில் நிற்காது. எனவே எந்த வேகத்தில் இடிக்கச் சம்மதமோ அந்த வேகத்தில்தான் ஜெட்டியை அணுக வேண்டும் என்பது உலகெங்கும் படகோட்டிகளின் விதி. கேப்டனின் உடம்பில் வேறொரு விதி குடியிருக்கிறது: கொஞ்சம் தயங்கினால் நடுவில் ஷேர் ஆட்டோ புகுந்துவிடும். ஆளில்லாத நீர்ப்பரப்பிலும் அவர் இடம் பிடிக்கவே வருவார். காலோ, படகின் தரைப்பலகையில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டிருக்கும்.

மூன்றாவது பாடம் ரிவர்ஸ். இந்த மனித வகையின் உண்மையான குணம் வெளிப்படுவது இங்கேதான். படகு முன்னே போகும்போது, புரொப்பல்லர் தள்ளும் நீர் சுக்கானில் மோதுகிறது. அதனால் நின்ற இடத்திலேயே ஒரு சிறு முடுக்குக் கொடுத்தாலும் சுக்கான் சொன்னதைக் கேட்கும். பின்கியரில் அந்த நீர் எதிர்த்திசையில் போய்விடும். படகு போதிய வேகத்தில் பின்னே நகரத் தொடங்கும்வரை சுக்கான் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. அந்த நேரத்தில் புரொப்பல்லர் தன் சுழற்சியாலேயே அமரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். முன்கியரில், பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பல்லர், ரிவர்ஸில் அமரத்தை இடப்பக்கம் நகர்த்தும். பெரும்பாலான படகுகளில் இதுவே நடப்பு.

அடுக்குமாடி வாட்ச்மேனின் "வா... வா... லெப்ட்ல ஒடி... அப்டியே வுடு" என்ற மந்திரத்துக்கு இசைந்து காலமெல்லாம் வண்டியைப் பின்னுக்கு எடுத்தவருக்கு இது நம்பிக்கைத் துரோகமாகவே படும். வலப்பக்கம் ஒடித்தார், படகு இடப்பக்கம் போகிறது. இன்னும் ஒடித்தார், இன்னும் இடப்பக்கமே போகிறது. வேகம் கூடியதும் சுக்கான் திடீரென்று விழித்துக்கொள்ளும். அப்போது சக்கரத்தைத் தளரப் பிடித்திருந்தால், பின்னோக்கி வரும் நீர் சுக்கானை ஒரு மூலைக்கு அறைந்து தள்ளும். சக்கரம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுற்றும். ரிவர்ஸில் சக்கரத்தை இரு கையாலும் இறுகப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். கேப்டனின் ஒரு கை அந்நேரம் தொப்பியைப் பிடித்திருக்கும்.

தேர்ந்தவர்களுக்கு இந்த இழுப்பு வரம். இத்தகைய படகில் ஜெட்டியை இடப்பக்கம் வைத்து, 20, 30 பாகைச் சாய்வில் மெல்ல வந்து, கடைசியில் பின்கியர் போட்டால் படகும் நிற்கும், அமரமும் தானாகக் கரையை ஒட்டிக்கொள்ளும். குறுகிய இடத்தில் திரும்பவும் இதே உத்திதான்: சக்கரத்தை வலப்பக்கம் முழுதாகச் சுற்றி வைத்துவிட்டு, முன்னுக்கு ஒரு முடுக்கு, பின்னுக்கு ஒரு முடுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், படகு தன் நீளத்துக்குள்ளேயே வலப்பக்கமாகத் திரும்பிவிடும். டாங்கியை நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்துப் பழகிய ஆவடிக்காரர் இந்த ஒரு பாடத்தில் மட்டும் முதல் மதிப்பெண் வாங்குவார். லேத் பட்டறைக்காரர் அன்றைக்குப் பேச மாட்டார்.

நான்காவது பாடம் காற்று. வேகம் குறையக் குறையச் சுக்கானின் அதிகாரம் குறைந்து காற்றின் அதிகாரம் கூடும். முன்முனை நீரில் ஆழமின்றி நிற்பதால் காற்று முதலில் அதைத்தான் தள்ளும். சென்னையில் கோடை நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். காலையில் கரையணைந்த மாதிரி மாலையில் படகு வராது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள், கரையணைவதற்கு முன் ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்வார்கள்: கொடி எப்பக்கம் பறக்கிறது, கட்டிய படகுகள் எப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன, மிதக்கும் குப்பை எங்கே போகிறது. முடிந்தவரை காற்றுக்கோ நீரோட்டத்துக்கோ எதிர்முகமாக வருவார்கள். அது இலவசமாகக் கிடைக்கும் பிரேக். கேப்டன் கைப்பேசியில் பார்ப்பார். செயலி வடகிழக்கு என்று சொல்லிவிட்டால், முகத்தில் தெற்கிலிருந்து அடிப்பதை அவர் காற்றாகக் கருதமாட்டார்.

ஐந்தாவது பாடம் கயிறு. இதில் பாதிக்கப்படுபவர் மனைவி. முன்முனையில், கையில் கயிறும் மனத்தில் கேள்விகளுமாக அவர் நிறுத்தப்படுவார். எந்தக் கயிறு, எந்தக் கம்பத்துக்கு, எப்போது என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டிருக்காது. படகு ஜெட்டியை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரே நேரத்தில் மூன்று கட்டளைகள் வரும்: "கயிறப் போடு! போடாத! ஃபெண்டர், ஃபெண்டர்!" ஃபெண்டர் என்பது இடி தாங்கப் படகின் பக்கத்தில் தொங்கவிடும் மெத்தை. சுற்றுப் படகுகளில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க எழுந்து நிற்பார்கள்.

உண்மையில் வேலை எளிது. படகின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, ஜெட்டியில் சற்றுப் பின்னே உள்ள கம்பத்தில் மாட்டிக்கொண்டால் போதும். அதற்கு 'ஸ்பிரிங்' கயிறு என்று பெயர். முன்கியரை மெல்லப் போட்டு விட்டால், முன்னே போக முடியாத படகு அப்படியே ஜெட்டியோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை ஆற அமரக் கட்டலாம். சென்னையில் கடல் ஏறி வற்றும் அளவு ஏறக்குறைய 1 மீட்டர்தான். எனவே கயிற்றுக்கு நிறையத் தொய்வும் விட வேண்டியதில்லை. ஒரே கயிற்றில் முடியும் இந்தக் காரியத்தைக் கேப்டன் நான்கு கயிறு, இரண்டு உறவினர், ஒரு மனத்தாங்கல் ஆகியவற்றைக் கொண்டு செய்து முடிப்பார்.

மனைவிக்குத் தைரியம் சொல்ல அவர் எடுத்துக்காட்டு வைத்திருக்கிறார். கடற்படையின் 'தாரிணி' பாய்ப்படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டுத் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, நான்கே துறைமுகங்களில் நின்று, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள்.

"ரெண்டே பொண்ணுங்க! உலகத்தையே சுத்திட்டு வந்துட்டாங்க. உன்னால ஒரு கயிறு பிடிக்க முடியல."

"அவங்க படகுல பின்னாடி நின்னு யாரும் கத்தலீங்களே."

இந்த மனித வகையின் முதிர்ச்சியை அளக்கும் கோல் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசை வரிசையாக, ஒன்றின் விலாவில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பக்கமெல்லாம் பழைய டயர் தொங்க, இருக்கிற சந்தில் ஒரு படகு உள்ளே வரும். ஓட்டுபவர் வாய் திறப்பதில்லை. கியரை ஒரு தட்டுத் தட்டுவார், நியூட்ரலில் விடுவார், பார்த்துக்கொண்டிருப்பார். கயிற்றோடு நிற்பவருக்குக் கண்ஜாடையே போதும். சாலையில் ஆரன் அடித்தால் வழி கிடைக்கும், முகப்பை நுழைத்தால் இடம் கிடைக்கும் என்று முப்பது வருடம் கற்றதை மறப்பதுதான் சென்னீர்குப்பத்துக்காரருக்குப் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி. தண்ணீரும் காற்றும் ஆரனுக்கு ஒதுங்குவதில்லை.

கற்றுத் தேறிய கேப்டனின் குறிகள் இவை. தொப்பி வீட்டிலேயே தங்கிவிடும். கிளம்பும் முன்பே ஃபெண்டர்களைத் தொங்கவிட்டு, கயிறுகளைச் சுருட்டி வைத்து, யாருக்கு என்ன வேலை என்று சாதாரணக் குரலில் சொல்வார். அணுகும் கோணம் பிசகினால், இழுத்துப் பிடித்துச் சரிசெய்யப் பார்க்காமல், வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவார். அதைத் தோல்வியாக எண்ண மாட்டார். சாலையில்கூடச் சற்று இடைவெளி விட்டு ஓட்டத் தொடங்குவார். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். இந்நிலையை எட்டியவர்கள் சிலரே. மற்றவர்கள் அடுத்த படகின் உரிமையாளருக்குப் பெயின்ட் செலவு கொடுத்துப் பழகிக்கொள்கிறார்கள்.

இவர் உங்களைப் படகுக்கு அழைத்தால் தாராளமாகப் போகலாம். பொதுவாக நல்ல மனிதர், சாப்பாடும் நன்றாக இருக்கும். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். கயிற்றைக் கையில் கொடுத்துக் "குதி!" என்று கத்தினால் குதிக்காதீர்கள், படகு ஜெட்டியைத் தொட்ட பிறகு நடந்து இறங்குங்கள். இடிக்கப் போகிறது என்று தெரிந்தாலும் கையையோ காலையோ நடுவில் கொடுத்துத் தடுக்க முயலாதீர்கள். 5 டன் படகை ஒரு காலால் நிறுத்த முடியாது. அதற்குத்தான் ஃபெண்டர் இருக்கிறது.